ஆள் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? குமுளிக்கு வேலைக்கு வருபவர்களுக்கு

கம்பத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ மலையேறி வந்து, கேரள எல்லையிலுள்ள சுற்றுலா ஊரான குமுளியில் வேலைக்குச் சேரும் இளைஞருக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படும் ஆங்கிலம் ஒன்று உண்டு. தங்கும் விடுதியானாலும், ஏலக்காயும் மிளகும் விற்கும் கடையானாலும், ஜீப் நிறுத்தமானாலும் வெளிநாட்டு விருந்தினர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மேலாளர் இருக்கிறாரா? எப்போது வருவார்? படகு போய்விட்டதா? யானைகள் இன்னும் அங்கேயே நிற்கின்றனவா? மின்சாரம் எப்போது வரும்?

இருப்பதையும், கொஞ்ச நேரம் இல்லாமல் போவதையும், அடியோடு மறைவதையும் பற்றிய இந்தக் கேள்விகளுக்குத் தவறாகப் பதில் சொன்னால் விருந்தினர் ஒரு மணி நேரம் வீணாகக் காத்திருப்பார்; அல்லது காத்திருக்க வேண்டிய இடத்தில் எழுந்து போய்விடுவார். உயிரோடு இருக்கும் ஒருவருக்காக அனுதாபம் சொல்லும் நிலையும் வரலாம். அதனால்தான் வாழ்த்துச் சொற்களுக்கும் விலை பேசும் சொற்களுக்கும் முன்பாக இவற்றைப் படிக்கச் சொல்கிறேன்.

வாய் திறக்கும் முன்

"முதலாளி இல்லை" என்று தமிழில் சொன்னால் போதும். கேட்பவர் நம் முகத்தையும் குரலையும் நேரத்தையும் வைத்து மீதியைப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த மீதியையும் நாமே சொல்ல வேண்டும். ஆகவே முதலில் மனத்துக்குள் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அவர் திரும்பி வருவாரா? பக்கத்தில்தான் இருக்கிறாரா, வெளியூரா? எத்தனை மணிக்கு வருவார்? இந்த மூன்றும் தெரிந்தால் சரியான சொல் கிடைத்துவிடும். தெரியாவிட்டால் "லெட் மீ செக்" என்று சொல்லிவிட்டு, கேட்டறிந்து வந்து பதில் சொல்லுங்கள். விருந்தினர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

எதிர்க்கடையில் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார் என்றால் "ஹி ஹேஸ் ஸ்டெப்டு அவுட்". சில நிமிடங்களில் வந்துவிடுவார் என்ற உறுதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வங்கிக்கோ சந்தைக்கோ போயிருந்தால் "ஹி இஸ் அவுட்". இன்றைக்குள் திரும்புவார், ஆனால் உடனே அல்ல. தேனிக்கோ மதுரைக்கோ போய் இரவு தங்குகிறார் என்றால் "ஹி இஸ் அவே". ஊரிலேயே இல்லை என்பதைக் கேட்பவர் இதிலிருந்து தெரிந்துகொள்வார். வேலைநாள் அல்லாததால் வீட்டில் இருக்கிறார் என்றால் "ஹி இஸ் ஆஃப் டுடே". இன்றைய வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார் என்றால் "ஹி ஹேஸ் லெஃப்ட் ஃபார் த டே".

கடைசி வாக்கியத்தில் "ஃபார் த டே" என்ற மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள். வெறுமனே "ஹி ஹேஸ் லெஃப்ட்" என்றால் அறையை விட்டுப் போனாரா, ஊரை விட்டுப் போனாரா, வேலையையே விட்டுவிட்டாரா என்று தெரியாது. தொலைபேசியில் கேட்பவர் பெரும்பாலும் கடைசிப் பொருளையே எடுத்துக்கொள்வார். அடுத்த நாள் அவரே பேசும்போது வீண் குழப்பம்.

விருந்தினர்களைப் பற்றிச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். அறையில் இல்லை, படகுக்குப் போயிருக்கிறார் என்றால் "ஷி இஸ் அவுட்". கணக்கு முடித்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்றால் "ஷி ஹேஸ் செக்டு அவுட்". நம் ஊர் விடுதிகளில் புழங்கும் "வெக்கேட்டட்" என்ற சொல் அறைக்குப் பொருந்தும், ஆளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

"அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்ற தொடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகள் பணியமர்த்தப்பட்ட ஊரை ஸ்டேஷன் என்று அழைத்த காலத்தின் மிச்சம் அது. இந்திய விருந்தினர் எல்லோருக்கும் புரியும். அவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், அது நம் நாட்டு ஆங்கிலம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஜெர்மனியிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வந்தவர் அதைக் கேட்டால் ரயில் நிலையத்தைத்தான் நினைப்பார். இடுக்கி மாவட்டத்திலோ ரயில் நிலையமே கிடையாது. அவர்களிடம் "அவுட் ஆஃப் டவுன்" என்று சொல்லுங்கள்.

ஒருபோதும் சொல்லக் கூடாத ஒன்று

"இப்போது அவர் இங்கே வேலை செய்வதில்லை" என்று சொல்ல நினைத்து "ஹி இஸ் நோ மோர் ஹியர்" என்று சொல்லிவிடுகிறார்கள். "ஹி இஸ் நோ மோர்" என்றால் அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். கேட்பவரின் காதில் முதல் பாதி விழுந்த கணமே மனம் அங்கே நின்றுவிடும். பின்னால் ஒட்டிய "ஹியர்" அதைக் காப்பாற்றாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன்னைக் காட்டுக்குள் அழைத்துப்போன வழிகாட்டியைத் தேடி ஒருவர் மீண்டும் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழிகாட்டி மூணாற்றில் வேறு வேலைக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். இவரிடம் "ஹி இஸ் நோ மோர்" என்று சொல்வது எவ்வளவு கொடுமை! சரியான சொல் "நோ லாங்கர்". "ஹி நோ லாங்கர் ஒர்க்ஸ் ஹியர். ஹி இஸ் இன் மூணார் நவ்." இந்த இரண்டு வாக்கியங்களையும் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

"லேட்" என்ற சொல்லும் இதே போன்றது. "த மேனேஜர் இஸ் லேட்" என்றால் மேலாளர் தாமதமாக வருகிறார். "த லேட் மேனேஜர்" என்றால் மறைந்த மேலாளர். சொல் நிற்கும் இடம் மாறினால் பொருள் தலைகீழ். "பாஸ்டு அவுட்" என்பதை நாம் படிப்பு முடித்ததற்குச் சொல்கிறோம். வெளிநாட்டவருக்கு அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். "பாஸ்டு அவே" என்றால் இறப்பு. நீங்கள் படித்து முடித்ததைச் சொல்ல "ஐ கிராஜுவேட்டட்" அல்லது "ஐ ஃபினிஷ்டு காலேஜ்" போதும்.

போயிருக்கிறார், போய்வந்திருக்கிறார்

பள்ளியில் "கோ, வென்ட், கான்" என்று மனப்பாடம் செய்தோம். ஆனால் "கான்" இருக்க வேண்டிய இடத்தில் ஏன் சில நேரம் "பீன்" வருகிறது என்பதைப் பலருக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். வேறுபாடு மிக எளிது, மிகவும் பயனுள்ளதும்கூட.

"ஹி ஹேஸ் கான் டு கம்பம்" என்றால் கம்பத்துக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. "ஹி ஹேஸ் பீன் டு கம்பம்" என்றால் போனார், வந்துவிட்டார், இப்போது அங்கே இல்லை. தமிழில் போயிருக்கிறார் என்பதற்கும் போய்வந்திருக்கிறார் என்பதற்கும் உள்ள அதே வேறுபாடுதான். விருந்தினர் "ஹேவ் யூ பீன் டு மங்கலதேவி?" என்று கேட்டால் அந்தக் கோயிலுக்கு எப்போதாவது போய்வந்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். பதில் "எஸ், ஐ ஹேவ் பீன் தேர்". "ஐ ஹேவ் கான் தேர்" என்று உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் பொருந்தாது. நீங்கள் இங்கே அவர் முன்னால் நிற்கிறீர்களே.

மங்கலதேவியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இன்னொரு வாக்கியமும் தயாராக இருக்கட்டும். மலை உச்சியிலுள்ள அந்தக் கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களை அனுமதிக்கிறார்கள். "இட் இஸ் ஓபன் ஒன்லி ஒன் டே எ இயர்." மறுநாள் வந்து ஏமாந்து நிற்பவரிடம் "யூ மிஸ்டு இட் பை எ டே" என்று சொல்லலாம். ஒரு நாள் வித்தியாசத்தில் தவறவிட்டீர்கள் என்று பொருள்.

"பீன்" என்பதற்கு இன்னொரு பயன் உண்டு. சலவைக்காரர் வந்து துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்க, "ஹேஸ் த லாண்ட்ரி மேன் பீன்?" என்பார்கள் பிரிட்டிஷ் விருந்தினர். வந்ததும் போனதும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. "ஹேஸ் ஹி கம்?" என்றால் வந்து இன்னும் இங்கேயே இருக்கிறார் என்ற எண்ணம் எழும்.

"இஸ் கான்" என்று வந்தால் பேச்சு போனவரின் பயணத்தைப் பற்றியது அல்ல. இப்போதைய வெறுமையைப் பற்றியது. 2018இல் மூணாறு மலைகளில் பூத்த நீலக்குறிஞ்சியை இன்னும் பலர் விசாரிக்கிறார்கள். "த ஃப்ளவர்ஸ் ஆர் கான். தே வில் பீ பேக் இன் 2030." பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் கணக்குப் புரிந்து மகிழ்வார்.

எப்போது திரும்புவார்

அதிகப் பிழை நேரும் இடம் இது. எனவே மெதுவாகப் படியுங்கள்.

ஐந்து மணிக்குள் வந்துவிடுவார் என்பதை "ஹி வில் கம் வித்தின் ஃபைவ் ஓ கிளாக்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. "உள்" என்பதை அப்படியே "வித்தின்" ஆக்கிவிடுகிறோம். ஆனால் "வித்தின்" நேர அளவோடு மட்டுமே சேரும்: "வித்தின் டென் மினிட்ஸ்", "வித்தின் டூ டேஸ்". கடிகார மணியோடு "பை" வர வேண்டும்: "ஹி வில் பீ பேக் பை ஃபைவ்". ஐந்துக்கு முன்னாலோ ஐந்துக்குச் சரியாகவோ வந்துவிடுவார்.

"வரை" என்பதற்கு "அன்டில்" அல்லது "டில்". அது ஒரு நிலை எதுவரை நீடிக்கிறது என்பதைச் சொல்லும். "ஹி இஸ் அவுட் அன்டில் ஃபைவ்" என்றால் ஐந்து வரை இருக்க மாட்டார், அதற்கு முன் வந்து பயனில்லை. "ஐ வில் பீ ஹியர் அன்டில் ஃபைவ்" என்றால் ஐந்து வரை இங்கேயே இருப்பேன். "ஐ வில் பீ ஹியர் பை ஃபைவ்" என்றால் ஐந்துக்குள் வந்து சேர்வேன். ஒரே ஒரு சின்னச் சொல் மாறுகிறது, இருப்பவர் வருபவராகிவிடுகிறார். ஜீப் ஓட்டுநர்கள் இதில் தவறினால் ஒருவர் கிளம்பும் நேரத்தில் மற்றவர் வந்து நிற்பார்.

பத்து நிமிடம் கழித்து என்பதை "ஆஃப்டர் டென் மினிட்ஸ்" என்று சொல்கிறோம். பத்து நிமிடம் ஆன பிறகு எப்போது வேண்டுமானாலும் என்று அது ஒலிக்கும். பத்தாவது நிமிடம் வந்துவிடுவேன் என்றால் "இன் டென் மினிட்ஸ்".

போய்வருகிறேன் என்பது நமக்கு நல்ல சொல், மங்கலச் சொல். போகிறேன் என்று மட்டும் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அதை "ஐ வில் கோ அண்ட் கம்" என்று மாற்றினால் வெளிநாட்டவருக்கு எங்கே போகிறார், எதற்கு வருகிறார் என்று விளங்காது. திரும்புவதை மட்டும் சொன்னால் போதும்: "ஐ வில் பீ ரைட் பேக்". நேரத்தையும் சேர்த்தால் இன்னும் நன்று.

காட்டில் மறைபவை

பெரியாறு புலிகள் காப்பகத்தில் படகிலோ நடைப்பயணத்திலோ உதவியாளராக இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. மலையாளம் பேசும் சக ஊழியர்களோடு ஆங்கிலம் கலந்துதான் இங்கே வேலை நடக்கும், ஆகவே எல்லோருக்குமே உதவும்.

கரையில் நின்ற யானைக் கூட்டம் மரங்களுக்குள் போய்விட்டது என்றால் "தே டிஸப்பியர்டு இன்டு த ட்ரீஸ்". இந்தச் சொல்லுக்கு முன்னால் "வாஸ்" சேர்க்காதீர்கள். "த எலிஃபென்ட் வாஸ் டிஸப்பியர்டு" என்றால் யாரோ அதைக் கடத்தி மறைத்துவிட்டது போன்ற பொருள் தொனிக்கும். அரசுகள் ஆட்களைக் காணாமல் ஆக்கியதைச் சொல்லவே அந்த வடிவம் பயன்படுகிறது. "வேனிஷ்டு" இன்னும் கூர்மையானது: கண்ணிமைப்பதற்குள், சுவடில்லாமல் மறைவது. கடமான் ஒன்று தலைகாட்டிவிட்டு ஓடினால் அதைச் சொல்லலாம். ஆடி அசைந்து நடந்துபோகும் யானைக்கு அது பொருந்தாது. விலங்கு அங்கேயேதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்றால் "வீ லாஸ்ட் சைட் ஆஃப் இட்". வழிகாட்டி இந்தக் கடைசி வேறுபாட்டை மறக்கவே கூடாது. "டிஸப்பியர்டு" என்று கேட்ட விருந்தினர் பயம் தெளிந்து முன்னே நடப்பார். "லாஸ்ட் சைட்" என்று கேட்டவர் நின்று கவனிப்பார்.

தாமதமாக வந்தவரிடம் "யூ ஹேவ் ஜஸ்ட் மிஸ்டு தெம்" என்று சொல்லுங்கள். இப்போதுதான் போயின என்ற வருத்தமும் அதில் இருக்கிறது. கோடையில் ஏரி வற்றும்போது அவை நீர் தேடிக் கரைக்கு வருவதால் "தே கம் அண்ட் கோ" என்று சேர்த்துச் சொன்னால் மறுநாளும் முயல்வார்.

மூடுபனி வருவதற்கு "த மிஸ்ட் இஸ் கமிங் இன்", விலகிவிட்டால் "இட் ஹேஸ் லிஃப்டட்" அல்லது "இட் ஹேஸ் கிளியர்டு". கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் ஒளிக்கும் ஒலிக்கும் "ஃபேட்". ஓடை வற்றினால் "டிரைடு அப்". அட்டை கடித்த அரிப்பு குறைந்துபோவதற்கு "இட் வில் வேர் ஆஃப்". இவற்றை விளக்க அதிகம் இல்லை, காதில் விழுந்துகொண்டே இருந்தால் வந்துவிடும்.

முன்பு இருந்தது, இப்போது இல்லை என்பதற்கு "தேர் யூஸ்டு டு பீ". படகில் போகும் எல்லோரும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பட்ட மரங்களைக் காட்டி அவை என்ன என்று கேட்பார்கள். "தேர் யூஸ்டு டு பீ எ ஃபாரஸ்ட் ஹியர்." 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது, காடு போனது, அடிமரங்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறகு விரித்து உலர்த்தும். இந்த ஒரு காட்சிக்கு அந்த ஒரு தொடர் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

காணவில்லை

"ஐ மிஸ்டு மை பேக்" என்றால் என் பையை நினைத்து ஏங்கினேன் என்று பொருள் வரும். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் "மை பேக் இஸ் மிஸ்ஸிங்". தொலைத்துவிட்டேன் என்றால் "ஐ ஹேவ் லாஸ்ட் மை பேக்". ஜீப்பில் விட்டுவிட்டேன் என்று இடம் தெரிந்தால் "ஐ லெஃப்ட் இட் இன் த ஜீப்". விருந்தினர் இவற்றில் எதைச் சொல்கிறார் என்று கூர்ந்து கேளுங்கள். கடைசி வாக்கியத்துக்கு ஓட்டுநரைக் கூப்பிட்டால் போதும். முதலிரண்டுக்கும் அறை முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

ஆளைப் பற்றி "ஹி இஸ் மிஸ்ஸிங்" என்று சொல்வதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் அளவிலான சொல். காட்டு நடைப்பயணத்தில் ஒருவர் பின்தங்கியிருக்கிறார் என்றால் "ஹி இஸ்ன்ட் பேக் யெட்" என்றோ "ஹி இஸ் ரன்னிங் லேட்" என்றோ சொல்லுங்கள். உண்மையாகவே ஆளைக் காணவில்லை என்றால் தயங்காமல் "மிஸ்ஸிங்" என்று சொல்லி வனத்துறையினரை அழைக்க வேண்டும். அந்தச் சொல்லை அதற்காகவே சேமித்து வையுங்கள்.

பொருள் தீர்ந்துபோவதற்கு நாம் "ஓவர்" என்கிறோம்: பால் ஓவர், டிக்கெட் ஓவர். பாலுக்கு "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்", டிக்கெட்டுக்கு "சோல்டு அவுட்", மின்சாரத்துக்கு "த பவர் இஸ் அவுட்". வந்துவிட்டால் "இட் இஸ் பேக்". அடிக்கடி போய்வந்தால் "இட் கீப்ஸ் கோயிங் ஆன் அண்ட் ஆஃப்".

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்

உங்களைப் பற்றியும் கேட்பார்கள். சொந்த வீடும் குடும்பமும் உத்தமபாளையத்தில் இருக்க, இங்கே ஊழியர் அறையில் தங்கியிருப்பவர் "ஐ லிவ் இன் உத்தமபாளையம். ஐ ஆம் ஸ்டேயிங் இன் குமுளி" என்று சொல்ல வேண்டும். நிரந்தரத்துக்கு "லிவ்", தற்காலிகத்துக்கு "ஸ்டே". வேலைக்கும் அப்படித்தான்: "ஐ ஒர்க் ஹியர்" என்றால் இதுவே என் வேலை, "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் திஸ் சீசன்" என்றால் இந்தப் பருவத்துக்கு மட்டும்.

வருபவர்களுக்கும் இதே அளவுகோல். கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகப் போகும் சபரிமலை யாத்திரிகர்கள் "ஆர் பாஸிங் த்ரூ". மூணாறு போகும் வழியில் ஓர் இரவு மட்டும் தங்குபவர் "இஸ் ஸ்டாப்பிங் ஓவர்". சொல்லாமல் கொள்ளாமல் சற்று நேரம் எட்டிப்பார்த்துப் போகும் பழைய விருந்தினர் "டிராப்டு பை".

கதவில் மாட்டும் பலகை

கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகும்போது "பேக் இன் 10 மினிட்ஸ்" என்று எழுதி மாட்டுவது எங்கும் வழக்கம். நீங்கள் எப்போது அதை மாட்டினீர்கள் என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. அந்தப் பத்து நிமிடம் எங்கே தொடங்கியது என்று அவரால் கணக்கிட முடியாது. மணியை எழுதுங்கள்: "பேக் அட் 2:30". கீழே ஒரு கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் உள்ளே இருக்கும்போதே ஆள் இல்லை என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.